‘யாரிடமும் சொல்லாதீர்கள்’: வியட்நாம் போர்க்கைதிகளின் மனைவியர் வாய் திறந்த வரலாறு

1965 செப்டம்பர் 9 அன்று வட வியட்நாமின் மேல் பறந்துகொண்டிருந்த அமெரிக்கக் கடற்படை விமானமொன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. அதை ஓட்டிய ஜேம்ஸ் ஸ்டாக்டேல் பாராசூட்டில் இறங்கி ஊர்மக்களிடம் சிக்கினார். கலிபோர்னியாவின் கொரனாடோவில் நான்கு மகன்களோடு இருந்த அவருடைய மனைவி சிபிலுக்கு, கணவரைக் காணவில்லை என்ற தகவல் மட்டும் வந்து சேர்ந்தது. அந்த ஆண்டுகளில் இத்தகைய செய்தி போன வீடுகளுக்கெல்லாம் கூடவே ஓர் அறிவுரையும் போனது: வெளியார் யாரேனும் விசாரித்தால் கணவரின் பெயர், பதவி, படை எண், பிறந்த தேதி ஆகிய நான்கைத் தவிர வேறெதையும் சொல்ல வேண்டாம். பிடிபட்ட வீரன் எதிரியிடம் சொல்லியாக வேண்டியவை என்று ஜெனீவா உடன்படிக்கை வரையறுத்திருப்பதும் இதே நான்கு விவரங்களைத்தான். வட வியட்நாமின் தலைநகரான ஹனோயின் சிறையில் கணவனுக்கு விதிக்கப்பட்ட வாய்ப்பூட்டு, கொரனாடோவில் பால் வாங்கப் போகும் மனைவிக்கும் அப்படியே பொருந்தியது.

இந்த வாய்ப்பூட்டு ஏறத்தாழ நான்காண்டுகள் அரசுக் கொள்கையாகவே நீடித்தது. அது உடைந்த விதத்தை ஒரு வீரப் பெண்மணியின் கதையாகச் சொல்வது வழக்கம். சிபில் ஸ்டாக்டேல் அந்தப் பெருமைக்கு உரியவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், துணிச்சலுக்கு முன்பே வேறொன்று நிகழ்ந்திருப்பது தெரிகிறது. தனித்தனி வீடுகளில் தனித்தனியாக அடைபட்டிருந்த பெண்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தங்களுக்குச் சொல்லப்பட்டவற்றை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆறுதலுக்காகக் கூடியவர்களிடம் சேர்ந்த தகவல்தான் பின்னாளில் அவர்களுடைய குரலாயிற்று.

அதைப் புரிந்துகொள்ள, அக்கால அமெரிக்கப் படை அதிகாரி ஒருவரின் மனைவியாக இருப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். புதிதாக ஊர் மாறி வரும் மனைவி யார் வீட்டுக்கு முதலில் போய் வர வேண்டும், வரவேற்புத் தட்டில் எத்தனை பெயர்ச்சீட்டுகளை வைக்க வேண்டும், எந்த வேளைக்குக் கையுறை அணிய வேண்டும் என்பதையெல்லாம் சொல்லித் தரும் கையேடுகள் அச்சாகி விற்றன. கணவரின் பதவி உயர்வைத் தீர்மானிக்கிற மேலதிகாரி மனைவியின் நடத்தையையும் மனத்துக்குள் எடைபோடுவார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மேலதிகாரியின் மனைவி கூட்டிய தேநீர் விருந்துக்குப் போகாமல் இருப்பது சின்ன விஷயமாகக் கருதப்படவில்லை. இப்படி வளர்க்கப்பட்ட பெண்ணிடம் ‘பேசாதே’ என்று படைத்துறை சொன்னபோது அது அவருக்கு அநியாயமாகப் படாமல் இருந்ததில் வியப்பில்லை. தான் பேசினால் கணவரின் உயிருக்கே ஆபத்து என்றும் அதோடு சேர்த்துச் சொன்னார்கள்.

சட்டமும் அவர்கள் பக்கம் இல்லை. புறப்படும் முன் கணவர் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தாலொழிய, அவர் பெயரில் இருந்த காரைக்கூட மனைவியால் விற்க முடியாது. கடன் கொடுக்கும்போது திருமணமான பெண்ணை வேறுபடுத்தி நடத்தக்கூடாது என்ற சட்டம் 1974-இல்தான் அமெரிக்காவில் வந்தது. கணவர் சிறையில் இருந்த காலத்திலும் அவருடைய சம்பளம் ஏறிக்கொண்டுதான் இருந்தது; பதவி உயர்வுகூட வந்தது. ஆனால் அதில் எவ்வளவை மனைவி கையில் கொடுப்பது என்பதில் படைத்துறைக்கும் ஒரு பிடி இருந்தது. நான்கு பிள்ளைகளையும் ஆறு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, கணவர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாமல், பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லிக்கொள்ள முடியாமல் இருந்த பெண்களின் அன்றாடம் இதுதான்.

அரசு ஏன் மௌனத்தை விரும்பியது? சொல்லப்பட்ட காரணம், போர்க்கைதிகள் விவகாரம் நுட்பமான ராஜதந்திரத்தால் தீர்க்கப்பட வேண்டியது என்பது. அதிபர் லிண்டன் ஜான்சன் இந்தப் பொறுப்பை மூத்த ராஜதந்திரியான ஆவரல் ஹாரிமனிடம் ஒப்படைத்திருந்தார். போர் முறைப்படி அறிவிக்கப்படாததால் பிடிபட்ட விமானிகள் போர்க்கைதிகளே அல்லர், குண்டு வீசிய குற்றவாளிகள் என்பது ஹனோயின் வாதம். 1957-இல் ஜெனீவா உடன்படிக்கையை ஏற்றபோதே போர்க்குற்றவாளிகளுக்கு அதன் பாதுகாப்பு இல்லை என்ற விலக்கோடுதான் வட வியட்நாம் ஏற்றிருந்தது. தங்கள் ஊர்களின்மேல் அன்றாடம் குண்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்த மக்களிடம் அந்த வாதத்துக்கு வலு இருந்தது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. சொல்லப்படாத காரணமும் ஒன்று உண்டு. இது சிறிய போர், சீக்கிரம் முடிந்துவிடும் என்று நாட்டு மக்களை நம்பவைக்க முயன்ற ஒரு நிர்வாகத்துக்கு, தொலைக்காட்சியில் கண்ணீரோடு நிற்கும் நூற்றுக்கணக்கான மனைவியர் வசதியான காட்சியாக இருக்க மாட்டார்கள்.

மௌனக் கொள்கை தவறு என்பதற்கான சான்று 1966-இலேயே கிடைத்துவிட்டது. அந்த ஆண்டு ஜூலை 6 அன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்கக் கைதிகள் விலங்கிடப்பட்டு ஹனோய் வீதிகளில் நடத்திச் செல்லப்பட்டனர். இருமருங்கும் நின்ற கூட்டம் அவர்களை அடித்தது. அவர்களைக் குற்றவாளிகளாக விசாரிக்கப் போவதாகவும் பேச்சு எழுந்தது. போப் ஆறாம் பவுல், ஐ.நா. பொதுச்செயலர் ஊ தாண்ட் முதலியோரின் வேண்டுகோள்களும் உலக நாடுகளின் கண்டனமும் வந்த பிறகு அந்த விசாரணைப் பேச்சு அடங்கிப்போனது. வெளியுலகின் கருத்துக்கு ஹனோய் மதிப்புக் கொடுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. ஆயினும் மனைவியருக்குச் சொல்லப்பட்ட அறிவுரை மாறவில்லை.

அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் இன்னொன்றும் நடந்திருந்தது. ஜெரமையா டென்டன் என்ற கடற்படை விமானியைக் கேமராவின் முன் உட்காரவைத்துப் பேட்டி எடுத்தார்கள். விளக்கொளியில் கண் கூசுவதைப் போல அவர் இமைகளைத் திறந்து மூடி, மோர்ஸ் குறியீட்டில் ‘சித்திரவதை’ என்ற சொல்லை எழுத்துக் கூட்டினார். அமெரிக்க உளவுத்துறை அதைப் படித்துப் புரிந்துகொண்டது. ஆகவே கைதிகள் வதைக்கப்படுகிறார்கள் என்பது 1966-இலேயே வாஷிங்டனுக்குத் தெரியும். 1969 வரை அது மக்களிடம் சொல்லப்படவில்லை. கொள்கை வகுத்தவர்களுக்கு நல்லெண்ணம் இருந்தது என்று வாதிடுவோர் இந்த மூன்றாண்டு இடைவெளியைச் சட்டெனக் கடந்து போய்விடுவதை நான் கவனித்திருக்கிறேன்.

இதே காலத்தில்தான் கொரனாடோவில் சிபில் ஸ்டாக்டேலின் வீட்டில் மனைவியர் கூடத் தொடங்கினர். கடற்படைத் தளங்களையொட்டிய ஊர்களில் விமானிகளின் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்ததால் அது இயல்பாக நிகழ்ந்தது. நாட்டின் மறுகரையில் வர்ஜீனியா பீச்சில் ஜேன் டென்டன், லூயிஸ் மல்லிகன் முதலியோரைச் சுற்றி இதுபோன்ற வட்டம் உருவாயிற்று. அரசு அவர்களை அறிமுகப்படுத்தி வைக்கவில்லை. யார் யாருடைய கணவர் பிடிபட்டிருக்கிறார் என்பதே ரகசியம் என்பதால், ஒருவருக்கொருவர் தெரிந்துகொள்வதற்கே காதோடு காதாக விசாரிக்க வேண்டியிருந்தது. விமானப்படையின் மனைவியர் நாடெங்கும் சிதறி, பலர் தத்தம் பிறந்த ஊர்களுக்குத் திரும்பியிருந்ததால் அவர்களுடைய தனிமை இன்னும் கடுமையாக இருந்தது.

அந்த மேசையில் என்ன நடந்தது? முதலில் சாப்பாடும் அழுகையும். பிறகு கடிதங்கள். ஒருவருக்கு ஒரு கடிதம் வந்திருந்தால் இன்னொருவருக்கு இரண்டாண்டாக எதுவும் வந்திருக்காது. வந்த கடிதத்தின் வாசகமும் கையெழுத்தும் நடையும் எல்லோருடைய கண்ணிலும் பட்டன. பிடிபட்ட மனிதர் பழைய நண்பர்களின் பட்டப்பெயர்களைச் சம்பந்தமில்லாமல் நலம் விசாரித்திருந்தால், அந்த நண்பர்களும் அதே சிறையில் உயிரோடு இருக்கிறார்கள் என்று பொருள். இதைக் கண்டுகொள்ள உளவுத்துறையின் பயிற்சி வேண்டாம். அந்தப் பட்டப்பெயர் யாருடையது என்று தெரிந்த ஒரு மனைவி போதும். தங்கள் பிரச்சினைக்குப் பொறுப்பான அதிகாரிகள் யார் என்ன சொன்னார்கள் என்பதையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். ஒருவருக்கு ஒன்றும் மற்றவருக்கு வேறொன்றும் சொல்லப்பட்டிருந்தன. கடற்படை தந்த விளக்கம் விமானப்படை தந்த விளக்கத்தோடு பொருந்தவில்லை. வாஷிங்டனில் எல்லாம் அறிந்த ஒருவர் உட்கார்ந்துகொண்டு தங்களுக்காகக் காரியம் பார்த்துவருகிறார் என்ற நம்பிக்கை இப்படித்தான் கரைந்தது. அதைத் தனியாக இருக்கும் ஒரு பெண் கண்டுபிடித்திருக்க முடியாது. தனக்குத்தான் புரியவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

சிபிலின் வாழ்க்கையில் அப்போது மற்றவர்களிடமும் சொல்ல முடியாத ஒரு பகுதி இருந்தது. கடற்படை உளவுத்துறையின் வேண்டுகோளின்பேரில் அவர் கணவருக்கு எழுதிய கடிதங்களில் மறைசெய்திகளை அனுப்பச் சம்மதித்தார். பிடிபட்டால் ஜேம்ஸ் ஒற்றராகக் கருதப்பட்டுக் கொல்லப்படலாம் என்பது தெரிந்தே, நெடுநாள் யோசித்து எடுத்த முடிவு அது. புகைப்படத்துக்குள் ஒளித்து அனுப்பிய செய்தி அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. பதிலுக்கு உடனிருந்த கைதிகளின் பெயர்கள் வரத் தொடங்கின. வேறு சில மனைவியரும் இந்தப் பணியைச் செய்தார்கள். வெளியில் பேசக்கூடாது என்று தடுக்கப்பட்ட பெண்களே அரசின் மிக ரகசியமான தகவல் வழியாகவும் இருந்தார்கள். அவர்களுடைய திறமையை நம்பிய அரசு, அவர்களுடைய தீர்ப்பை மட்டும் நம்பவில்லை.

கொரனாடோ வட்டம் 1967-இல் தனக்கு ஓர் அமைப்பின் வடிவத்தைக் கொடுத்துக்கொண்டது. தாங்களே ஒரு பெயரையும் அஞ்சல்தாளையும் வைத்துக்கொண்டு எழுதினால் பதில் வரும் விதமே மாறிவிடுகிறது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். 1968 அக்டோபரில் சிபில் தடையை மீறி சான் டியாகோவின் நாளிதழுக்குத் தம் கதையைச் சொன்னார். கணவரின் உயிருக்கு எதுவும் நேரவில்லை. அடுத்த ஜனவரியில் ரிச்சர்ட் நிக்சன் பதவியேற்றபோது நாட்டின் பல பகுதிகளிலிருந்து குடும்பங்கள் தந்திகளை அனுப்பி, கைதிகளை முதலில் கவனியுங்கள் என்றன. 1969 மே 19 அன்று பாதுகாப்பு அமைச்சர் மெல்வின் லேர்ட், வட வியட்நாம் கைதிகளை நடத்தும் விதத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். அரசின் கொள்கை தலைகீழாக மாறியது.

பிறகு நிகழ்ச்சிகள் வேகமெடுத்தன. ஆகஸ்டில் விடுவிக்கப்பட்ட மூவரில் ஒருவரான டக்ளஸ் ஹெக்டால் என்ற இளம் மாலுமி, உடனிருந்தோர் 250-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைக் குழந்தைப் பாட்டொன்றின் மெட்டில் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். அந்தப் பட்டியல் எத்தனையோ வீடுகளில் ‘காணவில்லை’ என்ற சொல்லை மாற்றி எழுதியது. அக்டோபரில் சிபிலும் ஒரு சிறு குழுவும் பாரிஸ் சென்று, நாள்கணக்கில் காத்திருந்து, வட வியட்நாம் பிரதிநிதிகளைச் சந்தித்தார்கள். போரை நடத்துவது உங்கள் அரசு, கேள்விகளை அங்கே கேளுங்கள் என்பதே அங்கே கிடைத்த பதிலின் சாரம். டிசம்பரில் நிக்சன் வெள்ளை மாளிகையில் மனைவியரையும் தாய்மாரையும் வரவேற்றார். 1970 மே 1 அன்று வாஷிங்டனின் கான்ஸ்டிடியூஷன் மண்டபத்தில் செனட்டர் பாப் டோல் முன்னின்று கூட்டிய பெருங்கூட்டத்தைத் தொடர்ந்து, அம்மாதமே கைதிகள், காணாமற்போனோர் குடும்பங்களின் தேசிய லீக் முறைப்படி பதிவு செய்யப்பட்டது.

கைதியின் பெயரும் பிடிபட்ட நாளும் பொறித்த உலோகக் கைக்காப்புகள், லட்சக்கணக்கான கடிதங்கள், கறுப்பு வெள்ளைக் கொடி ஆகியவை பிறகு வந்தவை. காப்புகளை விற்றது கலிபோர்னிய மாணவர் அமைப்பொன்று; ஏறத்தாழ ஐம்பது லட்சம் விற்றன. வர்ஜீனியாவின் ரிச்மண்டில் ஃபிலிஸ் கலான்டி திரட்டிய கடித மூட்டைகள் ஸ்டாக்ஹோமில் இருந்த வட வியட்நாம் தூதரகம் வரை போயின. மேடை ஏறவே கூசியவர் என்று அறியப்பட்ட பெண் அவர். கொடி, மேரி ஹாஃப் என்ற மனைவியின் யோசனை. 1970 ஜனவரியில் காணாமற்போன கடற்படை விமானியின் மனைவியான அவர், 1971-இல் ஒரு கொடித் தயாரிப்பு நிறுவனத்துக்கே நேரடியாகச் சொல்லி அதை உருவாக்கச் செய்தார். குனிந்த தலையும் பின்னால் காவல்கோபுரமும் கொண்ட அந்தக் கொடி இன்று அமெரிக்க அரசுக் கட்டடங்களில் பறக்கிறது. அதை ஒரு விமானியின் மனைவி ஏற்பாடு செய்தார் என்பது பலருக்குத் தெரியாது.

இத்தனைக்கும் பலன் என்ன என்று கேட்டால் கவனமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். 1969 இலையுதிர் காலத்திலிருந்து கைதிகளை வதைப்பது பெருமளவு குறைந்தது. கடிதப் போக்குவரத்துக் கூடியது. 1970 டிசம்பரில் ஹனோய் 368 பெயர்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டது. ஆனால் 1969 செப்டம்பரில் ஹோ சி மின் இறந்து தலைமை மாறியதும் அதே காலத்தில்தான். வாக்குமூலம் தராமல் இருக்கத் தன்னைத்தானே வெட்டிக்கொண்ட ஜேம்ஸ் ஸ்டாக்டேல் போன்றோரின் எதிர்ப்பும் சிறைக்காரர்களை அசைத்தது. குடும்பங்களின் கடிதங்களைச் சுமந்து வந்ததில், 1970 தொடக்கத்தில் போர் எதிர்ப்பு இயக்கத்தினர் அமைத்த தொடர்புக் குழுவுக்குப் பெரும்பங்கு உண்டு. லீக்கின் முன்னணியினர் பலருக்கு அதை ஒப்புக்கொள்வது கசப்பாகவே இருந்தது. பேசினால் கைதிகள் கொல்லப்படுவார்கள் என்ற எச்சரிக்கைக்கு நடந்தவற்றில் ஆதாரம் கிடைக்கவில்லை என்ற அளவுக்கு மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

குரல் கிடைத்தவுடன் அதை யார் பயன்படுத்துவது என்ற கேள்வியும் வந்தது. நிக்சன் நிர்வாகம் மனைவியரை வரவேற்றதில் கருணை மட்டும் இல்லை. போரைத் தொடர வேண்டிய காரணங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தபோது, ‘நம் கைதிகள் திரும்பும் வரை’ என்ற காரணம் எவராலும் மறுக்க முடியாததாக நின்றது. கைதிகள் அங்கே இருக்கும் வரை தென் வியட்நாமில் ஒரு படைப்பிரிவு இருந்தே தீரும் என்று 1971-இல் நிக்சன் அறிவித்தார். ஆனால் ஒவ்வொரு குண்டுவீச்சும் புதிய கைதிகளை உண்டாக்கியது. 1972 டிசம்பர்த் தாக்குதலில் மட்டும் 15 பி-52 விமானங்கள் வீழ்ந்து, தப்பிப் பிழைத்த விமானிகள் பலர் அதே சிறைகளுக்குப் போய்ச் சேர்ந்தனர். இந்தக் கணக்கு மனைவியர் சிலருக்கு முன்கூட்டியே புரிந்துவிட்டது. படை விலகலுக்கு நாள் குறியுங்கள், அப்போதுதான் அவர்கள் வருவார்கள் என்று கோரிய குடும்பங்கள் 1971-இல் தனிக் குழுவாகப் பிரிந்தன. தென் வியட்நாமில் பிடிபட்ட படை மருத்துவரின் மனைவியான வேலரி குஷ்னர், 1972 ஜூலையில் ஜனநாயகக் கட்சி மாநாட்டு மேடையேறி, போர் எதிர்ப்பாளரான ஜார்ஜ் மெக்கவர்னின் வேட்பாளர் நியமனத்தை வழிமொழிந்தார். நேற்றுவரை ஒன்றாக உட்கார்ந்து அழுதவர்கள் கூட்டங்களில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போகும் நிலையும் வந்தது. ஒற்றுமை குலைந்தது என்று இதைச் சிலர் வருத்தத்தோடு எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணவருக்காகப் பேசலாம், போரைப் பற்றிப் பேசக்கூடாது என்பதும் ஒரு வாய்ப்பூட்டுத்தானே.

வேறு பிளவுகள் ஓசையில்லாமல் இருந்தன. வடக்கில் சிறைப்பட்டோர் பெரும்பாலும் விமானிகள், அதாவது அதிகாரிகள். ஆகவே லீக்கை நடத்தியவர்களும் அதிகாரிகளின் மனைவியரே, பெரும்பாலும் வெள்ளையர். தெற்கில் பிடிபட்ட தரைப்படைச் சிப்பாய்களின் மனைவியருக்கு அருகில் தளமும் இல்லை, தோழியர் வட்டமும் இல்லை, விமானப் பயணத்துக்குப் பணமும் இல்லை. 1968 பிப்ரவரியில் ஹூவே நகரில் பிடிபட்ட சார்ஜண்ட் ஒருவரின் மனைவியான ஆண்ட்ரியா ராண்டர் பாரிஸ் குழுவில் இடம்பெற்றது அதனால்தான் குறிப்பிடத்தக்கது. கறுப்பினத்தவரான அவர், தம் பிள்ளைகளோடு தனித்திருந்த காலத்தில் இந்தப் பெண்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

1973 ஜனவரி 27 அன்று பாரிஸில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிப்ரவரி 12 முதல் ஏப்ரல் தொடக்கம் வரை 591 பேர் திரும்பினர். அந்தத் திரும்புதலின் மிகப் புகழ்பெற்ற புகைப்படம், விமானத் தளத்தில் கைகளை விரித்துக்கொண்டு தந்தையை நோக்கி ஓடிவரும் மகளையும் பின்னால் சிரித்தபடி வரும் மனைவியையும் மற்றப் பிள்ளைகளையும் காட்டுகிறது. அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. அந்த மனைவி மணவாழ்வு முடிந்துவிட்டதாகச் சொல்லும் கடிதத்தை அந்த அதிகாரி மூன்று நாள்களுக்கு முன்புதான் படித்திருந்தார். திரும்பியோரின் திருமணங்களில் பல முறிந்தன. ஆறேழு ஆண்டுகள் வீட்டுக் கணக்கைத் தானே பார்த்து, அமைச்சர்களைச் சந்தித்து, மேடையில் பேசிப் பழகிய ஒரு பெண்ணிடம், 1965-இல் விட்டுச்சென்ற மனைவியைத் தேடி வந்தார் கணவர். அந்தப் பெண் அங்கே இல்லை. சிறையிலிருந்து வந்தவரைப் பரிசோதிக்க மருத்துவர்களும் உளவியலாளர்களும் காத்திருந்தார்கள். மனைவிக்காக அப்படி யாரும் காத்திருக்கவில்லை. அவர் இன்னொரு மனைவிக்குத் தொலைபேசியில் பேசினார்.

திரும்பாதவர்களின் மனைவியர் நிலை வேறு. போர் முடிந்தபோது கணக்கில் வராத அமெரிக்கர்கள் 2,500 பேருக்கும் மேல். ஆயிரத்து ஐந்நூறுக்கும் அதிகமானோர் இன்னும் அந்தப் பட்டியலில் உள்ளனர். காணாமற்போனவர் என்ற நிலையில் கணவர் இருக்கும் வரை அவருடைய சம்பளம் வரும். இறந்தவர் என்று படைத்துறை மாற்றி எழுதிய நாளில் அது நின்றுபோய், அதைவிடக் குறைவான உதவித்தொகை தொடங்கும். மாற்றி எழுதாவிட்டால் அந்தப் பெண் மனைவியும் இல்லை, கைம்பெண்ணும் இல்லை; மறுமணத்தை நினைப்பதே துரோகமாகத் தோன்றும். இந்த முடிவைக் குடும்பத்தைக் கேட்காமலேயே படைத்துறை எடுக்க 1942-ஆம் ஆண்டின் சட்டம் இடம் கொடுத்தது. குடும்பங்கள் நியூயார்க் கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. முன்னறிவிப்புத் தர வேண்டும், விசாரணையில் குடும்பத்தைக் கேட்க வேண்டும், கோப்பைப் பார்க்க விட வேண்டும் என்று 1974-இல் தீர்ப்பு வந்தது. ‘என்ன தெரியும் என்று எங்களுக்குக் காட்டுங்கள்’ என்பதுதான் அவர்கள் முதல் நாளிலிருந்தே கேட்டது.

ஒருவருடைய பெயர் மட்டும் போர்க்கைதி என்ற வகையில் நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்தது. 1965 ஏப்ரலில் லாவோஸில் வீழ்ந்த விமானி சார்லஸ் ஷெல்டன் அவர். மற்றவர்கள் எல்லோரும் இறந்தவர்களாக மாற்றப்பட்ட பின்னும், மறக்கவில்லை என்பதன் அடையாளமாக அரசு அவரை அப்படியே விட்டுவைத்தது. அவருடைய மனைவி மரியன் கால் நூற்றாண்டு காலம் அவருக்காக அலைந்து, 1990-இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1994-இல் பிள்ளைகள் கேட்டுக்கொண்டதன்பேரில் ஷெல்டனின் நிலை மாற்றப்பட்டது. ஒருவர் ஓர் அடையாளமாக ஆக்கப்படும்போது அவர் வீட்டில் இருப்பவர் என்ன ஆவார் என்று லீக்கின் கூட்டங்களிலும் அதிகம் பேசப்படவில்லை.

கைதிகளின் மனைவியர் பேசத் தொடங்கிய அதே 1969-இல், அவர்களோடு நேரடித் தொடர்பில்லாத மற்றொரு படைவீரர் மனைவியர் குழுவும் ஒரு சங்கம் தொடங்கியது. அவர்களுடைய பிரச்சினை போர்க்களத்தைச் சேர்ந்தது அன்று. இருபது முப்பது ஆண்டுகள் படையில் உழைத்து ஓய்வுபெற்றவர் இறந்தால் அன்றோடு ஓய்வூதியம் நின்றுவிடும். ஊர் ஊராக மாறித் தனக்கென ஒரு வேலையைத் தேடிக்கொள்ள முடியாமல் போன மனைவிக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. அவர்கள் தொடர்ந்து வற்புறுத்தியதன் பயனாக 1972-இல் குடும்ப ஓய்வூதியத் திட்டம் சட்டமாயிற்று. படை ஓய்வூதியத்தில் மணமுறிவு பெற்ற மனைவிக்குப் பங்கில்லை என்று 1981-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, மறுவருடமே நாடாளுமன்றம் அதை மாற்றியதற்கும் முன்னாள் மனைவியர் சேர்ந்து கொடுத்த அழுத்தமே காரணம். 1987-இல் இந்தியானா மாநிலத்து விமானப்படைத் தளமொன்றில், கணவரின் பதவி உயர்வுக்காக வேலையை விடச் சொல்கிறார்கள் என்று மனைவியர் புகார் செய்தனர். மனைவி வேலைக்குப் போவதைக் கணவரின் மதிப்பீட்டில் சேர்க்கக்கூடாது என்று 1988-இல் பாதுகாப்புத் துறை ஆணையிட்டது. பெயர்ச்சீட்டும் கையுறையும் அதற்கு முன்பே மறைந்துவிட்டிருந்தன. அவற்றின் பின்னிருந்த எதிர்பார்ப்பு காகிதத்தில் ரத்தாக அத்தனை காலமாயிற்று.

1972-ஆம் ஆண்டின் சட்டத்தில் ஒரு பிடித்தமும் ஒளிந்திருந்தது. கணவர் பணியின் காரணமாக இறந்திருந்தால் முன்னாள் படைவீரர் நலத்துறை தரும் இழப்பீட்டுத் தொகைக்கு ஈடாக, குடும்ப ஓய்வூதியத்திலிருந்து டாலருக்கு டாலர் பிடித்துக்கொள்ளப்பட்டது. கணவர் பணம் கட்டி வாங்கிவைத்த ஓய்வூதியத்தை அவர் உயிர்கொடுத்த காரணத்துக்காகவே பிடித்துக்கொள்வது என்ன நியாயம் என்று கைம்பெண்கள் கேட்டார்கள். ‘கைம்பெண் வரி’ என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1945-இல், போரில் கணவரை இழந்த இளம்பெண்கள் தொடங்கிய தங்க நட்சத்திர மனைவியர் சங்கம் ஆண்டுதோறும் இந்த மனுவோடு நாடாளுமன்றப் படியேறியது. ஏறத்தாழ 65,000 பேரைப் பாதித்த அந்தப் பிடித்தம் 2019 டிசம்பரில் கையெழுத்தான சட்டத்தால் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2023 ஜனவரி 1 அன்று முழுமையாக நீங்கியது. சட்டம் வந்த ஆண்டில் முப்பது வயதில் கணவரை இழந்த ஒருவருக்கு அன்று எண்பத்தொரு வயதாகியிருக்கும்.